சத்தம் சரியில்லை

பதினைந்து விநாடி இருக்கும். அதற்கு மேல் அந்த இன்ஜின் ஓடவில்லை. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள ஐல் ஆஃப் மேன் தீவு, டக்ளஸ் நகரம், கிராண்ட்ஸ்டாண்டுக்குப் பின்னால் பைக்குகளைத் தயார்செய்யும் பேடக், ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு குளிர்ந்த காலை. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் தன்னுடைய பழைய 250 சிசி யமஹா ரேஸ் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். கிளட்சை விட்டதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நீலப் புகை, கூடவே விளக்கெண்ணெய் கருகும் வாசனை. ஆக்சிலேட்டரை விட்டு விட்டு முறுக்கினார். மூன்றாவது தடவை முறுக்கும்போது தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்தார். அப்படியே இன்ஜினை அணைத்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றினார். "சத்தம் சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, பைக்கைத் தன் கூடாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் சில வருடங்களாகியும் இது என்னை விடவில்லை. அன்று பழைய பைக்குகளும் பழைய வீரர்களும், டி.டி. (டூரிஸ்ட் டிராஃபி) பைக் ரேஸ் நடக்கும் மலைப்பாதையை ஒரு சுற்று வரும் நாள். போட்டி கிடையாது, நேரக்கணக்கு கிடையாது, பரிசு கிடையாது. 37.73 மைல் தூரத்தை நிதானமாக ஓட்டிக் காட்டினால் போதும். அதைப் பார்க்கத்தான் கடல் தாண்டிப் போயிருந்தேன். இரண்டு நாள் முன்பே பேடக்கில் அவரோடு பேசிப் பழகி, பைக்கைத் துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்து, அவர் எத்தனையாவதாகக் கிளம்புவார் என்று கேட்டு வைத்துக்கொண்டு, எந்த வளைவில் நின்றால் நன்றாகத் தெரியும் என்றுகூட முடிவு செய்திருந்தேன். அவர் கிளம்பவே இல்லை. எனக்குக் கேட்டவரை அந்தச் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. பயந்துவிட்டார் என்றுதான் அந்தக் கணம் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன்.

அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. எனக்குள் பல வருடமாக உட்கார்ந்திருந்த ரேஸ் வீரர், 1978ஆம் ஆண்டின் மைக் ஹெய்ல்வுட். பதினோரு வருடம் கழித்து, 38 வயதில், வழுக்கை விழ ஆரம்பித்த தலையோடு இதே தீவுக்குத் திரும்பி வந்து, டுகாட்டியில் ஏறி ஜெயித்தவர். அந்தக் கதையை எத்தனை தடவை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். பழைய வீரர் என்றால் திரும்பி வருபவர், மறுபடியும் முறுக்குபவர் என்று மனதில் பதிந்துவிட்டது. பைக்கைத் தள்ளிக்கொண்டு கூடாரத்துக்குள் போகும் ஒரு முதுகு அந்தப் படத்தில் எங்கும் இல்லை.

நூறு என்று சொன்னார்கள்

முதல் நாள் அவர் எனக்குச் சொன்ன கதை அவருடைய ரேஸ் கதை அல்ல. 1955இல் அவருக்கு வயது 15. தீவுப் பையன், சாரணர். அப்போது கிராண்ட்ஸ்டாண்டுக்கு எதிரே நீளமாக ஒரு ஸ்கோர்போர்டு இருந்தது. அதை இயக்கியது சாரணச் சிறுவர்கள்தான். ஒவ்வொரு வீரரின் எண்ணுக்கும் கீழே கடிகார முகம்போல ஒரு வட்டு. அவர் எந்த ஊரைத் தாண்டினார் என்று செய்தி வந்ததும் பையன்கள் முள்ளைத் திருப்புவார்கள். சுற்று நேரத்தைப் பெயின்டில் கையால் எழுதுவார்கள். இந்தப் பாதையில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். அதனால் யார் முந்துகிறார் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சாலையில் முதலில் வருபவர் கணக்கில் நாலாவதாக இருக்கலாம். பார்க்க வந்தவர்களுக்கு அந்த முள்ளும் பெயின்டும் ஒலிபெருக்கியும்தான் ரேஸ்.

அந்த வருடம் டி.டி.யின் முக்கியப் போட்டியான சீனியர் ரேஸில் ஜெஃப் டியூக் நாலு சிலிண்டர் கிலேரா பைக்கில் வந்தார். ஒரு சுற்று முடிந்ததும் ஒலிபெருக்கி சொன்னது: மணிக்கு 100 மைல். அதுவரை யாரும் தொடாத எண். கூட்டம் எழுந்து கத்தியது. பெரியவர் கையில் பெயின்ட் பிரஷ்ஷோடு கத்தியிருக்கிறார், பெயின்ட் சட்டையில் சிந்தியது என்று இத்தனை வயதிலும் சட்டையைத் தடவிக் காட்டினார். அப்புறம் கணக்கைத் திருத்தினார்கள். 99.97. நூறு இல்லை. உண்மையான நூறு இரண்டு வருடம் கழித்து, 1957இல், பாப் மெக்கின்டயருக்குக் கிடைத்தது. அதுவும் கிலேராவில்தான், அடிபட்டிருந்த டியூக்கின் இடத்தில் அவரை எடுத்திருந்தார்கள். எட்டுச் சுற்று ரேஸ், மூன்று மணி நேரத்துக்கும் மேல், வேகமான சுற்று மணிக்கு 101.12 மைல். புத்தகங்களில் இருப்பது மெக்கின்டயர் பெயர்தான்.

"ஏமாற்றமாக இருந்ததா?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை என்பதுபோலப் பார்த்தார். நூறு என்று சொன்னார்கள், நாங்கள் கத்தினோம், கத்தினது கத்தினதுதானே என்றார். அதை வயதான ஒருவர் சிறு வயதை நினைத்துச் சொல்லும் சந்தோஷப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

இரண்டு விரல்

பேசிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். அவருடைய இடது கை சும்மா இருக்கும்போதும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டி வளைந்திருக்கும். டீக் கோப்பையைப் பிடித்தாலும் அப்படித்தான். மற்ற இரண்டு விரலும் கட்டைவிரலும் கோப்பையைச் சுற்றியிருக்க, இவை இரண்டும் காற்றில் எதன் மீதோ படிந்திருப்பதுபோல நிற்கும். முடக்குவாதமோ பழைய எலும்பு முறிவோ என்று நினைத்தேன். கேட்டதும் சிரித்துக்கொண்டே கோப்பையை வைத்துவிட்டு, இல்லாத ஒரு கிளட்ச் லீவரை இரண்டு விரலால் சட்டென்று இழுத்துக் காட்டினார்.

அவருடைய யமஹாவைப் போன்ற டூ ஸ்ட்ரோக் ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். அந்தக் கால டூ ஸ்ட்ரோக் ரேஸ் இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில் எண்ணெய் தனியாகப் போகாது, பெட்ரோலோடு கலந்துதான் போகும். முழு வேகத்தில் வந்து வளைவுக்கு முன்னால் ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோலோடு எண்ணெயும் நின்றுவிடும். இன்ஜின் மட்டும் அதே வேகத்தில் வறட்சியாகச் சுற்றும். காற்றில் ஈரமும் குளிரும் கொஞ்சம் மாறினால் கார்புரேட்டரில் காற்றும் பெட்ரோலும் சேரும் கலவை மாறும். இந்தப் பாதை கடல் மட்டத்துக்கு அருகில் தொடங்கி, ஸ்னேஃபெல் மலையில் 1,300 அடிக்கு மேல் ஏறி இறங்குகிறது. கீழே சரியாக இருந்த கலவை மேலே சரியாக இருக்காது. சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும். இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வது இதைத்தான். மணிக்கு 120 மைலில் அது நடந்தால், கீழே விழாமல் இருக்க ஒரே வழி அந்த நொடிக்குள் கிளட்சைப் பிடிப்பது. அதனால் இரண்டு விரல் லீவரை விட்டு நகராது. ரேஸ் முழுக்க. ஓட்டிய வருடம் முழுக்க.

1969 ஜூலையில் கிழக்கு ஜெர்மனியின் சாக்சன்ரிங் பாதையில், பயிற்சியின்போது பில் ஐவியின் ஜாவா 350 இப்படித்தான் சீஸ் ஆனது. இரண்டு வருடம் முன்பு 125 சிசி உலகச் சாம்பியன் ஆனவர். உயரம் குறைவு, துணிச்சல் அதிகம், எல்லோருக்கும் பிடித்தவர். 26 வயதில் இறந்துபோனார். பெரியவர் இந்தப் பெயரைச் சொன்னது ஒரே ஒரு தடவை. சொல்லும்போது அந்த இரண்டு விரலும் மடங்கிக்கொண்டன. அவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் நினைக்கவில்லை.

இதெல்லாம் தெரிந்தபிறகும், மறுநாளுக்கு மறுநாள் அவர் இன்ஜினை அணைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அன்று நான் போய் நிற்கத் திட்டமிட்டிருந்த வளைவுக்குப் போகவில்லை. கிராண்ட்ஸ்டாண்ட் பக்கமே நின்று மற்ற பைக்குகள் போவதைப் பார்த்தேன். மேங்க்ஸ் நார்ட்டன் என்ற பழைய ரேஸ் பைக்குகள் வரிசையாகப் போயின. ஒற்றைச் சிலிண்டர், மெகாஃபோன் சைலன்சர், நெஞ்சுக்கூட்டைத் தட்டும் சத்தம். அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் அஞ்சாநெஞ்சர் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் தட்டும்போது மனது கூடாரத்தில் இருந்தது.

கழற்றி வைத்த பிஸ்டன்

அடுத்த நாள் காலை போனேன். இரண்டு சிலிண்டரையும் கழற்றி, ஒரு பழைய துண்டின் மேல் வரிசையாக வைத்திருந்தார். பிஸ்டன் இரண்டும் தனியாக இருந்தன. வாங்க என்றோ உட்காருங்கள் என்றோ சொல்லவில்லை. ஒரு பிஸ்டனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் எதிர்பார்த்தது கீறல். சீஸ் ஆகத் தொடங்கிய பிஸ்டனின் பக்கவாட்டில் நகத்தால் பிராண்டியதுபோலச் செங்குத்தாகக் கோடுகள் விழும், அலுமினியம் உருகி இழுபட்டிருக்கும். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தலைப்பகுதியில் பழுப்பு நிறக் கரி, அது நல்ல எரிப்புக்கு அடையாளம். பக்கவாட்டில் மங்கிய பளபளப்பு. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அதன் காடியில் தாராளமாக அசைந்தது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துக் காட்டினார். துளி ஆட்டம் இல்லை.

"அப்படியென்றால் ஒன்றுமே இல்லையா?" என்றேன். என் குரலில் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும். ஒன்றும் இல்லை என்றார், திருப்தியாக. ஒரு நாளைத் தவறவிட்டவர் முகம் அது இல்லை. நேற்று ஓட்டியிருக்கலாமே என்று கேட்டேவிட்டேன். அவர் பிஸ்டனை என் கையிலிருந்து வாங்கித் துணியில் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார்: கேட்டது கேட்டதுதான்.

முதல் நாள் சொன்ன அதே பேச்சு. கத்தினது கத்தினதுதான், கேட்டது கேட்டதுதான். அங்கேதான் எனக்குள் ஏதோ இடம் மாறியது. 99.97 என்று பின்னால் எழுதிவிட்டதால் அன்றைய கூச்சல் பொய்யாகிவிடாது. பிஸ்டன் சுத்தமாக இருந்துவிட்டதால் அவர் காதில் விழுந்தது இல்லாமல் போகாது. அந்தப் பதினைந்து விநாடியில் அவரிடம் பிஸ்டன் இல்லை, சத்தம் மட்டும்தான் இருந்தது. ஓட்டும்போது எந்த நாளும் அவரிடம் இருந்தது அவ்வளவுதான். கழற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வசதி ரேஸில் கிடையாது. முடிவெடுத்த பிறகுதான் கழற்ற முடியும். அதுவும் உயிரோடு இருந்தால்.

அதற்குப் பிறகு, எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்த ரேஸ் கதைகள் எல்லாம் வேறு மாதிரிப் படிக்கக் கிடைத்தன. 1935 சீனியர் ரேஸ். ஜிம்மி கத்ரி நார்ட்டனில் முன்னிலை. ஸ்டான்லி வுட்ஸ் மோட்டோ கூஸியில் துரத்துகிறார். வுட்ஸ் கடைசிச் சுற்றுக்கு முன் நின்று பெட்ரோல் போடுவார் என்று, பாதையோரத்தில் வண்டி நிறுத்தும் இடமான அவருடைய பிட்டில் எல்லாம் எடுத்து வைக்கிறார்கள். அதைப் பார்த்து நார்ட்டன் முகாம் நிம்மதியாக இருந்துவிடுகிறது. வுட்ஸ் நிற்காமல் போகிறார். கத்ரி ரேஸை முடித்துவிட்டு இறங்க, அவரைச் சுற்றி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வுட்ஸ் நாலு விநாடி வித்தியாசத்தில் ஜெயித்துவிடுகிறார். இதைத் தந்திரம் என்று எல்லோரும் எழுதுவார்கள், நானும் அப்படித்தான் ரசித்தேன். இப்போது என் கண் போவது டேங்க் மேல். இன்னொரு சுற்றுக்குப் பெட்ரோல் போதும் என்று தெரிந்திருக்காமல் அந்தத் தந்திரம் எதற்காகும்? தன் இன்ஜின் எவ்வளவு குடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1967இல் ஹெய்ல்வுட்டும் இத்தாலிய வீரர் அகோஸ்தினியும் மோதிய சீனியர் ரேஸும் அப்படித்தான். இந்தப் பாதையில் நடந்தவற்றிலேயே சிறந்தது என்று பலரும் சொல்லும் ரேஸ். ஹெய்ல்வுட்டின் ஹோண்டா நேராகப் போக மறுத்து அடம்பிடிக்கும் வண்டி. போதாததற்கு ஆக்சிலேட்டர் பிடி கழன்று ஆடத் தொடங்கிவிட்டது. அதோடு 108.77 மைல் வேகத்தில் ஒரு சுற்று ஓட்டினார். அந்தச் சாதனை 1975 வரை நின்றது. ஐந்தாவது சுற்றில் அகோஸ்தினியின் எம்.வி. அகுஸ்தா பைக்கில் செயின் அறுந்தது. இருவரில் யார் பெரியவர் என்று நண்பர்களோடு மணிக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். கழன்ற பிடியோடு அத்தனை மைல் ஓட்டும் ஒருவருக்கு உள்ளங்கையில் என்ன தெரிந்திருக்கும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

நிறுத்தியவர்கள்

இறங்கிப் போனவர்களைப் பற்றி நம்மிடம் பாட்டு இல்லை. 1962இல் கேரி ஹாக்கிங் என்ற ரொடீஷிய (இன்றைய ஜிம்பாப்வே) வீரர் உச்சத்தில் இருந்தார். முந்தைய வருடத்தின் 350, 500 இரண்டு பிரிவுக்கும் உலகச் சாம்பியன். அந்த ஜூனில் இதே தீவில், சற்றுச் சிறிய பைக்குகளுக்கான ஜூனியர் ரேஸில், அவருடைய நண்பர் டாம் ஃபிலிஸ் இறந்தார். இரண்டு நாள் கழித்து ஹாக்கிங் சீனியர் ரேஸை ஜெயித்தார். ஜெயித்துவிட்டு, இனி பைக் ரேஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டு ஊர் திரும்பினார். 24 வயது. பின்னால் கார் ரேஸுக்குப் போய், அதே வருடம் டிசம்பரில், டர்பனில் பயிற்சியின்போது இறந்தார். இதைச் சொல்பவர்கள் எல்லோரும் கடைசி வரியில் வந்து நிற்பார்கள், விதி என்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. டிசம்பரில் நடந்தது ஜூனில் எடுத்த முடிவைத் தப்பாக்கிவிடாது. ஜூனில் அவர் எதையோ கேட்டார், நிறுத்தினார்.

பத்து வருடம் கழித்து அகோஸ்தினியும் அதைச் செய்தார். 1972இல் மலைமேல் மூடுபனியிலும் மழையிலும் நடந்த 125 சிசி ரேஸில் கில்பெர்த்தோ பார்லோத்தி இறந்தார். அகோஸ்தினி அந்த வாரமே இரண்டு ரேஸ் ஜெயித்தார், அப்புறம் இந்தப் பாதையில் போட்டிக்கு வரவே இல்லை. இங்கே பத்து வெற்றி பெற்றவர். வேறு பெரிய வீரர்களும் ஒதுங்கினார்கள். 1976க்குப் பிறகு டி.டி. ரேஸுக்கு உலகச் சாம்பியன்ஷிப் தகுதி போய்விட்டது. தீவில் இன்னும் சிலருக்கு அந்த வருத்தம் உண்டு, பேச்சில் தெரியும். இந்தப் பாதையில் 260 பேருக்கு மேல் உயிர் விட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் ரேஸ் நடக்கிறது, நடக்கவேண்டும் என்றே நான் விரும்புகிறேன். அந்த விருப்பத்தை நியாயப்படுத்த என்னிடம் வாதம் கிடையாது. ஆனால் ஒன்றில் மட்டும் உறுதியாகிவிட்டேன். அஞ்சாநெஞ்சர் என்று ஒலிபெருக்கியில் கூவுவது இவர்களைக் குறைத்துச் சொல்வது. அந்தப் பெரியவரின் இரண்டு விரல் அறுபது வருடமாக அஞ்சிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் அந்தக் கையால் இன்றைக்கு டீக் கோப்பையைப் பிடிக்க முடிகிறது.

அன்று காலை கூடாரத்தில் இதையெல்லாம் நான் அவரிடம் பேசவில்லை. பேச நேரமும் இல்லை, சிலிண்டரைத் திரும்ப மாட்டவேண்டும், மூன்றாவது கை வேண்டும் என்றார். காகித கேஸ்கெட்டை எண்ணெய் தடவி ஒட்டினார். பிஸ்டனைக் கனெக்டிங் ராடில் மாட்டிப் பின்னைத் தள்ளி, கிளிப்பைப் போட்டு, அது காடியில் உட்கார்ந்துவிட்டதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இறக்கினார். ரிங்கை அமுக்கிப் பிடிப்பது என் வேலை. ரிங்கின் இரண்டு முனையும் காடியில் இருக்கும் சின்ன ஊசிக்கு இருபுறமும் வந்து உட்காரவேண்டும். ஊசிமேல் ஏறிவிட்டால், சிலிண்டரை அழுத்தியதும் ரிங் உடையும். எண்ணெயில் விரல் வழுக்கியது. இரண்டு தடவை தவறவிட்டேன். அவசரமில்லை என்றார். மூன்றாவது தடவை கட்டைவிரலுக்கடியில் ரிங் அடங்கியது தெரிந்தது. சிலிண்டர் தன் எடையிலேயே சரிந்து வந்து உட்கார்ந்தது.

இரண்டாவதையும் மாட்டி நட்டுகளை முடுக்கியபின், பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார். சிலிண்டர் பக்கம் தலையைச் சாய்த்தார், அதே இடப்பக்கம். என்னையும் குனியச் சொன்னார். கேட்கிறதா என்றார். இல்லை என்றேன். இன்னொரு தடவை சுற்றினார். வெளியே யாரோ நார்ட்டனைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள், அந்த இடியில் எதுவும் கேட்கவில்லை. அது நிற்கும்வரை சக்கரத்தில் கையை வைத்தபடி காத்திருந்தார். நின்றதும் மறுபடி சுற்றினார். இப்போது கேட்டது. ரிங் சிலிண்டர் சுவரை உரசிக்கொண்டு ஏறி இறங்கும் சத்தம். பட்டுத் துணியைக் கையில் இழுத்ததுபோல, அவ்வளவு மெல்லிசாக.